இன்னொரு குழந்தை எங்கே?

கடிதத்தை மேசைமேல் வைத்த பிறகும் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. விரல்கள் அதன்மேலேயே கிடந்தன. மடியில் ஒன்பது வாரக் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒரு மாதிரி புரியுதுக்கா," என்றாள். "ஆனா நான் புரிஞ்சுகிட்டது தப்புன்னு நீங்க சொன்னா நிம்மதியா எழுந்து போயிடுவேன்."

வாசலருகே நின்றிருந்த டிரைவர் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர், மொழிபெயர்ப்பாளரின் கணவருக்குத் தம்பி. அண்ணியின் அலுவலகத்தில் நகல் எடுப்பதும் டீ போடுவதும்தான் இப்போது அவர் வேலை. வருகிற ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு மர்மம் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெரும்பாலும் ஒரு திருமணச் சான்றிதழுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர். இந்த நாட்டு மொழிக்கும் தமிழுக்கும் நடுவே தாள்களை மாற்றி எழுதி முத்திரை வைக்க அனுமதி பெற்றவர். எதையும் படித்து முடித்த பிறகு வெகுநேரம் பேசாமல் இருப்பார். எதிரே இருப்பவர்கள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாங்களாகவே ஏதாவது சொல்லத் தொடங்குவார்கள். வேண்டியது அநேகமாக அதில்தான் கிடைக்கும்.

இப்போது முதலில் கடிதத்தைத் தமிழில் வாசித்தார்.

"'உங்கள் மகளுக்குத் தங்கும் அனுமதி கேட்டு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. எங்கள் பதிவேட்டின்படி உங்களுக்கு இரண்டு குழந்தைகள். நாலாம் தேதி ஒரு பெண். அதே மாதம் பதினைந்தாம் தேதி ஓர் ஆண். ஒரு குழந்தைக்கு மட்டுமே விண்ணப்பித்திருக்கிறீர்கள். இன்னொரு குழந்தை எங்கே இருக்கிறது என்பதைப் பத்து நாட்களுக்குள் எழுதித் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். குழந்தைகள் நல அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.'"

"அப்ப சரியாத்தான் புரிஞ்சிருக்கேன்," என்றாள் அந்தப் பெண்.

"பதினோரு நாள் இடைவெளியில ரெட்டைப் பிள்ளையா?" டிரைவரால் அடக்க முடியவில்லை. "அண்ணி, இது..."

"டீ போடுங்க."

"போட்டுக்கிட்டே கேக்கறேன்."

அதன்பின் மொழிபெயர்ப்பாளர் பேசவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது. அந்தப் பெண் குழந்தையின் காலுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"நான் ஒண்ணுதான்க்கா பெத்தேன். ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அப்புறம் தையல்ல சீழ் வச்சு ரெண்டு வாரம் நெருப்பாக் காய்ச்சல். அந்த ரெண்டு வாரம் எனக்கு எதுவுமே சரியா ஞாபகம் இல்ல." குழந்தையின் தலையைத் தடவினாள். "தடுப்பூசி போடப் போனப்ப அந்த நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, 'இன்னொண்ணைக் கொண்டு வரலையா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. வீட்டுல சொன்னேன். உனக்கு அவங்க பாஷை புரியலைன்னு சொல்லிட்டார்."

"வீட்டுக்காரர்தானே? அவர் ஏன் வரலை?"

"நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது. கடிதம் வந்து நாலு நாளாச்சு. நான் பார்த்துக்கறேன்னு வாங்கி அலமாரிக்குப் பின்னாடி செருகி வச்சுட்டார். அவர் சலவை ஆலைக்கு வேலைக்குப் போனதும் உருவிக்கிட்டு வந்துட்டேன்."

மீண்டும் மௌனம். இந்த முறை அது நீண்டது. டீக்கோப்பையுடன் வந்த டிரைவர் அதைக் கீழே வைக்கத் தயங்கி நின்றார்.

"அழுகை கேக்குதுக்கா," என்றாள் அந்தப் பெண், மிகவும் மெதுவாக. "எங்க ரூமுக்கு மேல இருந்து. மேல யாரும் இல்ல. பரண் மாதிரி ஒரு சாமான் அறை, பூட்டிக் கிடக்கு. அவர் அது குழாய்ல காத்து அடைக்கிற சத்தம்னு சொல்றார். கீழ்த்தளத்துல ஒரு அண்ணா இருக்கார், பிளம்பர். கட்டடத்துல ரிப்பேர் எல்லாம் அவர்தான். அவரும் வந்து சுவத்துல காதை வச்சுக் கேட்டுட்டு, குழாய்தான் தங்கச்சின்னு சொன்னார். போன வாரம் ஒருநாள் பூராத் தண்ணி நிறுத்தினாங்க. முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. வாளியில பிடிச்சு வச்சுத்தான் சமாளிச்சேன். அன்னைக்குப் பத்து மணிக்கு அழுகை கேட்டுச்சு, ரெண்டு மணிக்கும் கேட்டுச்சு. இவ என் பக்கத்துல அசையாமத் தூங்கறா. எனக்குப் பால் சுரந்து சட்டை நனைஞ்சு போச்சு."

டிரைவர் கோப்பையை மேசையின் ஓரத்தில் வைத்தார்.

"நான் எங்கேயோ ஒண்ணைப் பெத்து வச்சுட்டு மறந்து வந்துட்டேனோன்னு இருக்குக்கா. அது என்னைத்தான் கூப்பிடுதோன்னு இருக்கு."

மொழிபெயர்ப்பாளர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் காய்ச்சல் சமயத்துல உங்களை யார் பார்த்துகிட்டாங்க?"

"அவர்தான். லீவு போட்டுட்டு கூடவே இருந்தார். தினமும் காலையில நர்ஸ் வந்து தையலைச் சுத்தம் பண்ணிட்டு, ஒரு தாள்ல தேதியும் நேரமும் எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போவா. தாள் இங்கதான் இருக்கு. பிளம்பர் அண்ணா சம்சாரம் இருந்திருந்தா எனக்கு அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. என் பிரசவத்துக்குக் கூடவே இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அண்ணாவோட கம்பெனியை மூடினதும், அது மூலமா வாங்கின அவங்க தங்கும் அனுமதி முடிஞ்சு போச்சு. ஏழு மாசம் ஆச்சு, ஊருக்கு அனுப்பிட்டேன்னார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்க."

"மருத்துவ அட்டையைக் காட்டுங்க."

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எண்ணும் பெயரும் மட்டும் உள்ள அட்டை, படம் கிடையாது. பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. அந்த இடத்தை யாரோ மெல்லிய வெள்ளை நாடாவால் இறுக்கமாக, ஒரே திசையில் ஐந்தாறு சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

"இதை நீங்க ஒட்டினீங்களா?"

"இல்லையே. உறை கிழிஞ்சதே எனக்குத் தெரியாது. தாள், அட்டை எல்லாம் அவர்தான் வச்சிருப்பார். கடிதத்தோட சேர்த்து இன்னைக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் நாடாவின் முனையை நகத்தால் நிமிண்டினார். பசையே இல்லாமல் அது பூப்போலச் சுருண்டு வந்தது. அதை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"கடிதம், அட்டை, நர்ஸ் தாள் மூணும் என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு மத்தியானம் வர்றோம். உங்க வீட்டுக்காரர் இருக்கணும். குழாய்ச் சத்தத்தைப் பத்திக் கேக்கணும்னு சொல்லி அந்தப் பிளம்பரையும் வரச் சொல்லுங்க."

"அக்கா, இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. பதில் போகலைன்னா இவளுக்கு அனுமதி கிடைக்காது. என்கிட்ட இருக்கிற ஒண்ணையும்..." அவள் முடிக்கவில்லை.

அவள் போன பிறகு டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணி, எனக்கு ரெண்டு யோசனை தோணுது. ஒண்ணு, அந்தக் கட்டடத்துல முன்னாடி ஏதோ குழந்தை செத்திருக்கு."

"செத்த குழந்தைக்குக் குடியேற்ற அலுவலகம் கடிதம் போடாது. ரெண்டாவது?"

"ஆஸ்பத்திரியில பிள்ளை திருடற கும்பல்."

"திருடறவன் பதிவேட்டுல ஒரு பிள்ளையைக் குறைப்பான். கூட்ட மாட்டான்." மொழிபெயர்ப்பாளர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு பிறப்புக் குறிப்பும் இதுல இருக்கு. படிச்சுப் பாருங்க."

டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முதல் குறிப்பு: பெரிய ஆஸ்பத்திரி, பெண் குழந்தை, அறுவைச் சிகிச்சை, தாயின் ரத்த வகை பி. இரண்டாவது: நகரின் மறுகோடியில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. பதினைந்தாம் தேதி காலை பத்து நாற்பது, ஆண் குழந்தை, இயல்பான பிரசவம், தாயின் ரத்த வகை ஓ. உடனிருந்தவர்: கணவர். இரண்டிலும் அதே அட்டை எண், அதே பெயர், அதே முகவரி.

"கம்ப்யூட்டர் கோளாறு," என்றார் டிரைவர், ஏமாற்றத்தோடு.

மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். கை கழுவும் தொட்டிக்குப் போனார். கையைக் கழுவிய பிறகும் குழாய் சுவரோடு சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவர்கள் போனபோது அந்தக் கட்டடம் ஆளற்றதுபோல இருந்தது. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நுழைவாயில் பலகையில் தண்ணீர் நிறுத்தம் பற்றிய நோட்டீஸ் இன்னும் தொங்கியது. மூன்றாம் தளத்தில் தம்பதியின் அறை. அதற்கு மேல் ஒரு குறுகலான மரப்படி இருட்டுக்குள் ஏறிப் போனது.

மொழிபெயர்ப்பாளர் கதவைத் தட்டாமல் அந்தப் படிகளில் ஏறினார். டிரைவர் இரண்டு படி பின்னால் வந்தார். சுவரில் பல வருடத் தூசி படிந்திருந்தது. கைப்பிடிக் கட்டை மட்டும் பளபளவென்று இருந்தது. மேலே தாழ்வான ஒரு கதவு; வெளிப்புறம் பூட்டு.

"பூட்டு புதுசு அண்ணி," என்று கிசுகிசுத்தார் டிரைவர்.

மொழிபெயர்ப்பாளர் உதட்டில் விரல் வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் காலி அறையின் அமைதி ஒரு விதம், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அறையின் அமைதி வேறு விதம். இருவரும் ஓசைப்படாமல் இறங்கி வந்தார்கள்.

உள்ளே ஒரே அறை. கட்டில், தொட்டில், மடக்கு மேசை, ஜன்னலோரம் அடுப்பு. கணவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான், சோப்பில் வெளுத்துப்போன கைகளை முழங்காலில் வைத்தபடி. பிளம்பர் கருவிப்பையுடன் சுவரோரம் நின்றார். அந்தப் பெண் ஜன்னலருகே குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"குழாய்ச் சத்தத்துக்கு எதுக்குங்க மொழிபெயர்ப்பாளர்?" பிளம்பர் சிரிக்க முயன்றார். "குழாய்க்கு எந்தப் பாஷையும் தெரியாதே."

"தண்ணியே இல்லாத அன்னைக்கும் பேசியிருக்கே," என்றார் மொழிபெயர்ப்பாளர், நாற்காலியில் உட்கார்ந்து. "போன வாரம் கட்டடம் பூராக் குழாய் காஞ்சு கிடந்தது. அன்னைக்கு ரெண்டு தடவை அழுகை கேட்டிருக்கு. இவங்களுக்குத் தெரியலைன்னாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். குழாய் உங்க தொழில்."

பிளம்பரின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது.

"இந்தப் பொண்ணுக்கு ரெண்டு குழந்தை பிறக்கலை. கம்ப்யூட்டரும் தப்புப் பண்ணலை. தப்பா ஏறின பதிவுன்னா முதல் குறிப்பையே திரும்ப எழுதியிருக்கும். ஆனா ரெண்டாவது குறிப்புல இருக்கிற தாய்க்கு ஆபரேஷன் இல்லை, ரத்தமே வேற. கம்ப்யூட்டருக்கு ரத்தம் கிடையாது. அது வேற ஒரு பொம்பளையோட பிரசவம். இந்த அட்டையைக் காட்டிப் பார்த்த பிரசவம்."

தோளில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"கூட இருந்தவர் கணவர்னு எழுதியிருக்கு. யாரோட கணவர்?" மொழிபெயர்ப்பாளர் கட்டிலின் பக்கம் திரும்பினார். "நீங்க இல்லை. பதினைந்தாம் தேதி காலையில பத்தரைக்கு நர்ஸ் இங்க வந்து தையலைச் சுத்தம் பண்ணியிருக்கா. தாள்ல உங்க கையெழுத்து இருக்கு. அதே நேரத்துல நகரத்தோட அந்தக் கோடியில நிக்க முடியாது. அப்ப அட்டை மட்டும் போயிருக்கு. போன இடத்துல உறை கிழிஞ்சிருக்கு. திருப்பிக் கொடுக்கும்போது அழகாக் கொடுக்கணும்னு ஒருத்தர் அதைச் சரிபண்ணியிருக்கார்."

அட்டையை மேசைமேல் வைத்தார்.

"இந்த வெள்ளை நாடாவுல பசை கிடையாது. குழாய் மரையில தண்ணி கசியாம இருக்கச் சுத்தறது. வேற யாராயிருந்தாலும் ஒட்டற டேப்பைத் தேடியிருப்பாங்க. பைக்குள்ள எப்பவும் இதையே வச்சிருக்கிற ஆள்தான், யோசிக்காம, மரைக்குச் சுத்தற மாதிரியே ஒரே பக்கமா இழுத்துச் சுத்துவார்."

டிரைவர் தன்னையறியாமல் பிளம்பரின் கருவிப்பையைப் பார்த்தார். பக்கப் பையில் அதே வெள்ளை உருளை.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி பின்னால் நகரும் ஓசை வந்து நின்றது. பிளம்பர் சுவரில் சாய்ந்தார். மெல்ல மெல்ல, சுவரில் தேய்ந்தபடியே, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்கு அனுப்பத்தான் இருந்தேன்," என்றார். "டிக்கெட்கூடப் போட்டேன். அன்னைக்குத்தான் மாசமா இருக்கான்னு தெரிஞ்சது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சு போச்சுங்க. டாக்டர் அலையக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். பிரசவம் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம்னு மேல கூட்டிட்டுப் போனேன். கட்டட முதலாளி எல்லாச் சாவியும் என்கிட்டதான் கொடுத்திருக்கார். வேலைக்குப் போகும்போது வெளியில பூட்டிட்டுப் போவேன். யாராவது திறந்துட்டாங்கன்னா..." கணவனைப் பார்த்தார். "இவன்தான் அட்டையைக் கொடுத்தான். இவன் கொடுக்கலைன்னா அவளை மேலயே..."

"வெறும் நம்பர்தானேன்னு நினைச்சேன்," என்றான் கணவன் தரையைப் பார்த்தபடி. "அவ அலறல் எனக்குக் கேட்டுச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"கொடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் ஜன்னலருகே நின்ற மனைவி. குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என்கிட்ட கேட்டிருந்தா நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். நான் உங்ககிட்ட வந்து அழுகை கேக்குதுன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்? மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட போவோமான்னு கேட்டீங்களே. அழுகை நிஜம்னு தெரிஞ்சுதான கேட்டீங்க?"

கணவன் வெளுத்த கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டான்.

"என் தலைதான் கெட்டுப் போச்சுன்னு நான் நம்பிட்டேன். குளிக்கப் போகும்போது இவளைத் தூக்கிட்டே போனேன், எங்கேயாவது வச்சுட்டு மறந்துருவேனோன்னு. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

பிளம்பர் கைகளைக் கூப்பினார். "அம்மா, கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிடுங்க. யாருக்கும் கெடுதல் இல்லாமப் போயிடும்."

"என் முத்திரைக்குக் கீழ பொய் எழுத மாட்டேன். எழுதினாலும் நிக்காது. ரெண்டு ரத்த வகையும் அவங்க பதிவேட்டுல இருக்கு. ஆறாவது நாள் அதிகாரி வருவார். இந்தக் குழந்தை அழுதாலே மேல இருக்கிறதும் சேர்ந்து அழும்." மொழிபெயர்ப்பாளர் பிளம்பரை நேராகப் பார்த்தார். "கைக்குழந்தையோட இருக்கிற தாய்க்குத் தனியா ஒரு மனு உண்டு. தானா முன்வந்து கொடுத்தா வாங்குவாங்க. கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்; மறுத்தா மேல்முறையீடு பண்ணலாம். அதிகாரி கண்டுபிடிச்ச பிறகு கொடுத்தா வாங்கவே மாட்டாங்க. ஆனா அதை நீங்க முடிவு பண்ண முடியாது. பூட்டுக்கு உள்ள இருக்கிறவங்கதான் சொல்லணும்."

பிளம்பர் சாவியை எடுத்தார். அவர் எழுவதற்குள் ஜன்னலருகே நின்ற பெண் தன் குழந்தையைக் கணவனின் மடியில் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போனாள். மரப்படியில் அவள் காலடிகள் கேட்டன. பூட்டு திறக்கும் ஓசை. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

இறங்கி வந்தபோது அவள் முன்னால் வந்தாள். அவள் தோளில் இன்னொரு குழந்தை. பின்னால் வந்தவள் வெறுங்காலோடு, பலகைகளின் விளிம்பு பார்த்து மிதித்து, ஓசையே இல்லாமல் நடந்தாள். ஏழு மாதம் வெயில் படாத முகம் நனைந்த காகிதம்போல வெளிறியிருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். டிரைவர் சட்டென்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், ஒன்றையும் குறைக்காமல். கிடைக்காமலும் போகலாம் என்பதை இரண்டு முறை சொன்னார்.

"வேண்டாம்," என்றார் பிளம்பர் மனைவியிடம். "உன்னைப் பிடிச்சு அனுப்பிட்டாங்கன்னா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த இரண்டாவது பிறப்புக் குறிப்பைத் தொட்டாள். "இது என் புள்ளையோடதா?"

"ஆமா."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

மொழிபெயர்ப்பாளர் தாயின் பெயர் இருந்த கட்டத்தைக் காட்டினார். அதில் அட்டைக்குரியவளின் பெயர் இருந்தது. பிளம்பரின் மனைவி அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப எனக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா," என்றாள், பழகிப்போன கிசுகிசுப்பில், "இவன் யாரோட புள்ளைன்னு கேட்டா, இந்தத் தாளு என்னைச் சொல்லாது."

"சொல்லாது."

"எழுதுங்கக்கா."

மொழிபெயர்ப்பாளர் இரண்டு தாள்கள் எழுதினார். முதல் தாளில், தனக்கு ஒரே குழந்தைதான் என்றும், அட்டை தனக்குத் தெரியாமல் பயன்படுத்தப்பட்டது என்றும், தன் மகளின் விண்ணப்பத்தைத் தொடர வேண்டும் என்றும் இருந்தது. கடிதம் கொண்டுவந்த பெண் அதில் கையெழுத்திட்டாள். கணவன் அட்டையைக் கொடுத்தது தான்தான் என்று அதன் கீழே எழுதி ஒப்பமிட்டான். அதனால் என்ன வரும் என்று கேட்கவில்லை.

இரண்டாவது தாளை மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டினார். "'அந்த மாதம் பதினைந்தாம் தேதி காலை பத்து நாற்பதுக்குப் பிறந்த ஆண் குழந்தையின் தாய் நான்.'"

பிளம்பரின் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

"இன்னொரு தடவை வாசிங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் இன்னொரு தடவை வாசித்தார்.